இராயப்பர் சின்னப்பர் பெயர் கொண்ட ஓவியர்

(திருத்தூதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வானொலியில் கேட்க முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



பேதுருவையும் பவுலையும் திருச்சபை ஒரே நாளில் நினைவுகூர்கிறது. ஒருவர் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். மற்றவர் ஆண்டவரின் மக்களைத் தேடித் தேடிச் சிறைப்படுத்தியவர். இருவருமே மன்னிக்கப்பட்டவர்கள். நம் பாட்டன் பாட்டி காலத்தில் இவர்களை இராயப்பர், சின்னப்பர் என்றுதான் அழைத்தார்கள். இந்தப் பெருவிழாவின் முந்தின நாளில் பிறந்து, இரண்டு திருத்தூதர்களின் பெயரையும் சேர்த்துப் பெற்ற ஒரு மனிதரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் பெயர் பீட்டர் பால் ரூபன்ஸ். பிறந்தது 1577 ஜூன் 28. உலகம் போற்றும் ஓவியர். இன்று பெல்ஜியம் என்று நாம் அழைக்கும் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரம்தான் அவரது நகரம். அந்தக் காலத்தில் அது ஸ்பெயின் அரசரின் ஆட்சிக்கு உட்பட்ட நெதர்லாந்துப் பகுதி.

குருமடத்தில் படித்த நாட்களில் எங்கள் உணவறைச் சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. சிலுவையிலிருந்து இயேசுவின் உடலை இறக்கும் காட்சி. சட்டத்தின் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது என் எதிரே இருக்கும். வரைந்தவர் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த ஓவியரின் வாழ்க்கையைப் படித்தபோது, படத்தை விட அவர் குடும்பத்தின் கதைதான் என்னை அதிகமாகத் தொட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓவியரின் தந்தை யான் ரூபன்ஸ். சட்டம் படித்தவர். ஆண்ட்வெர்ப் நகராட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். தாய் மரியா பைப்பலிங்ஸ். அது சமயப் பிளவால் ஊரும் உறவும் இரண்டாகக் கிழிந்து கிடந்த காலம். 1566 ஆகஸ்டில் ஒரு கூட்டம் ஆண்ட்வெர்ப் அன்னை மரியா ஆலயத்துக்குள் நுழைந்து, சுரூபங்களை உடைத்து, பீடங்களிலிருந்த ஓவியங்களைக் கிழித்துப் போட்டது. தலைமுறை தலைமுறையாக மக்கள் செபித்த பீடங்கள் ஒரே இரவில் வெறுமையாயின. மறு ஆண்டு ஸ்பெயின் அரசர் ஆல்பா பிரபுவைப் பெரும்படையோடு அனுப்பினார். கைதுகளும் கொலைத் தண்டனைகளும் தொடர்ந்தன. கால்வின் கொள்கையின் பக்கம் சாய்ந்தவர் என்ற சந்தேகம் யான் மீது விழுந்தது. 1568-இல் அவர் மனைவி மக்களோடு ஜெர்மனியின் கொலோன் நகருக்குத் தப்பிச் சென்றார்.

புகலிடம் தேடிப் போன ஊரில் ஒரு வேலை கிடைத்தது. ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் மனைவி, சாக்சனியின் அன்னா. அவருடைய சொத்து வழக்குகளுக்கு யான் சட்ட ஆலோசகரானார். ஆலோசனை கேட்கவும் சொல்லவும் போய்வந்த பழக்கம் தகாத உறவில் முடிந்தது. அன்னா கருவுற்றார். 1571-ஆம் ஆண்டு மார்ச் மாதம் யான் கைது செய்யப்பட்டு, டில்லன்பர்க் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அந்நாளைய சட்டப்படி அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனையே கிடைக்கலாம்.

நேயர்களே, மரியாவின் நிலையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சொந்த ஊரில்லை. சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை. கையில் குழந்தைகள். கணவர் எங்கே போனார் என்ற செய்தியே சில நாட்கள் தெரியவில்லை. தெரிந்தபோது, இப்படி ஒரு செய்தி. அந்தத் தாய் வாசலை அடைத்துக்கொண்டு அழுதிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கணவரின் பெயரையே இனிக் காதில் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் ஊர் அவரைப் புரிந்துகொண்டிருக்கும்.

மரியா பேனாவை எடுத்தார். சிறையிலிருந்து கணவர் மன்னிப்புக் கேட்டு எழுதிய மடலுக்குப் பதில் எழுதினார். அந்தக் கடிதங்கள் அழியாமல் இன்றும் இருக்கின்றன. அவற்றின் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். நான் உங்களை ஏற்கெனவே மன்னித்துவிட்டேன். இனியும் எப்போதும் மன்னிப்பேன். நீங்கள் இவ்வளவு துன்பத்தில் இருக்கும்போது உங்கள் பழைய குற்றங்களைச் சொல்லி நான் எப்படி இன்னும் நோகடிப்பேன் என்று எழுதுகிறார். கடைசியில் ஒரு வேண்டுகோள் வைக்கிறார். தகுதியற்ற கணவன் என்று கையெழுத்திட்டிருந்தாரே யான், இனி அப்படிக் கையெழுத்துப் போட வேண்டாம், எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்கிறார்.

அந்தக் கையெழுத்துச் செய்தியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மன்னித்தேன் என்று வாயால் சொல்லிவிட்டு, மற்றவர் தலைகுனிந்தே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் வழக்கம். பத்து வருடத்துக்கு முந்தைய தவற்றை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் ஒருமுறையாவது எடுத்துப் போடுவோம். மரியா அந்தத் தலைகுனிவையும் கணவரிடமிருந்து எடுத்துவிட்டார். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்று அவன் சொல்ல நினைத்ததைத் தந்தை சொல்லி முடிக்கவே விடவில்லை அல்லவா? அதைத்தான் இந்த மனைவியும் செய்தார்.

மன்னிப்பு என்ற சொல்லோடு அவர் நிற்கவும் இல்லை. இளவரசரின் குடும்பத்தாருக்கு விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் எழுதினார். டில்லன்பர்க்குக்கே நேரில் போய் மன்றாடினார். கடைசியில் பெருந்தொகை ஒன்றைப் பிணையாகக் கட்டி, 1573-இல் கணவரைச் சிறையிலிருந்து மீட்டார். அப்போதும் முழு விடுதலை இல்லை. சீகன் என்ற சிற்றூரில்தான் வசிக்க வேண்டும், அதிகாரிகளின் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அந்த ஊரில், அந்தக் கட்டுப்பாட்டுக்குள், அவர்கள் மீண்டும் குடும்பம் நடத்தினார்கள். 1574-இல் பிலிப் பிறந்தார். 1577-இல் பீட்டர் பால் பிறந்தார்.

கணக்கைப் பாருங்கள். தந்தை சிறைப்பட்டது 1571. ஓவியர் பிறந்தது 1577. மரியா மன்னிக்காமல் இருந்திருந்தால் ரூபன்ஸ் என்ற ஓவியரே இவ்வுலகில் பிறந்திருக்க மாட்டார்.

சில ஆண்டுகளில் குடும்பம் கொலோனுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. 1587-இல் யான் அங்கே இறந்தார். கொலோன் நகரின் புனித பேதுரு ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் மரியா எழுதச் செய்த வாசகத்தில் சிறைவாசம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கணவனும் மனைவியும் குறையின்றி இணைந்து வாழ்ந்தார்கள் என்றே அது சொல்கிறது. இந்தக் குடும்ப இரகசியம் வெளியே வந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், அரண்மனைச் சுவடிகளை ஆராய்ந்தவர்களின் கையில் அந்தக் கடிதங்கள் கிடைத்தபோதுதான். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஒரு மனைவி தன் கணவரின் மானத்தைக் கல்லுக்கடியில் காத்து வைத்திருந்தார்.

அப்படியானால் சாமி ஏன் அதை வானொலியில் சொல்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். யானின் பாவம் புத்தகங்களில் ஏறிவிட்டது. அதை யாரும் இனி மறைக்க முடியாது. மரியாவின் மன்னிப்பும் அதோடு சேர்ந்தே சொல்லப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைக் கேட்கும் கணவன்மார் யாராவது, பார்த்தாயா, அந்த அம்மா எப்படி மன்னித்தார் என்று வீட்டில் மனைவியிடம் எடுத்துக்காட்ட வேண்டாம். மன்னிப்பு கேட்டு வாங்கும் உரிமைப் பொருள் அல்ல, அது கொடுக்கப்படுவது. யான் முதலில் தன் தவற்றை ஒப்புக்கொண்டு, தகுதியற்றவன் என்று எழுதினார். அதற்குப் பின்தான் மரியாவின் அந்தப் பதில் வந்தது.

கைம்பெண்ணான மரியா பிள்ளைகளோடு ஆண்ட்வெர்ப்புக்குத் திரும்பினார். நகரம் மறுபடியும் கத்தோலிக்க ஆட்சிக்குக் கீழ் வந்திருந்தது. பீட்டர் பால் இலத்தீன் பள்ளியில் படித்தார். வசதி போதாததால் சிறு வயதிலேயே ஒரு பிரபுக் குடும்பத்துச் சீமாட்டியின் வீட்டில் ஏவல் பையனாக வேலை செய்தார். பிறகு ஓவியம் கற்க ஆசைப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆசிரியர்களிடம் பயின்றார். 1598-இல் புனித லூக்கா பெயரால் இயங்கிய ஓவியர் சங்கத்தில் தேர்ந்த ஓவியராகச் சேர்க்கப்பட்டார். 1600-இல் இத்தாலிக்குப் பயணமானார். மாந்துவா பிரபுவின் அரண்மனையில் ஓவியராக எட்டு ஆண்டுகள் இருந்தார்.

உரோமையில் அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. புனித பிலிப்பு நேரியின் சபையார் கட்டிய புதிய ஆலயத்தின் தலைமைப் பீடத்துக்கு ஓவியம் வேண்டும் என்றார்கள். முழு மூச்சாக வரைந்தார். திருத்தந்தை பெரிய கிரகோரியாரும் வேறு புனிதர்களும் அன்னை மரியாவின் திருவுருவத்தை வணங்கி நிற்கும் காட்சி. பீடத்தில் ஏற்றிப் பார்த்தால், ஆலயத்துக்குள் விழும் வெளிச்சம் துணியின் மேல் பட்டுப் பளபளத்தது. எந்த உருவமும் சரியாகத் தெரியவில்லை. அதை இறக்கிவிட்டு, ஒளியை அப்படி எதிரொளிக்காத கற்பலகையின் மேல் முழுவதையும் மறுபடி வரைந்து கொடுத்தார்.

அந்த வேலை முடியும் தறுவாயில், 1608-இல், தாய் கடுமையான நோயில் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. உடனே புறப்பட்டார். குதிரைப் பயணம், பல வாரங்கள். ஊர் போய்ச் சேர்வதற்குள் தாயை அடக்கம் செய்துவிட்டார்கள். தூர தேசத்தில் வேலைக்குப் போன பிள்ளை, அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய துயரம் என்று நம்மில் பலருக்குத் தெரியும். அது அனுபவித்தவர்களுக்கு மட்டுமே புரியும் வேதனை.

உரோமையில் பீடத்திலிருந்து இறக்கப்பட்ட அந்த முதல் ஓவியத்தை அவர் தன்னோடு கொண்டுவந்திருந்தார். அதை ஆண்ட்வெர்ப் புனித மிக்கேல் மடத்து ஆலயத்தில், தன் தாயின் கல்லறையருகே இருந்த பீடத்தில் வைத்தார். இளவயதில் அவர் உழைத்த உழைப்பில் மிகச் சிறந்தது எதுவோ, அது தாய்க்குக் காணிக்கையாயிற்று. இன்று அது பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரூபன்ஸ் இத்தாலிக்குத் திரும்பவில்லை. 1609-இல் ஸ்பெயினுக்கும் டச்சுக்காரர்களுக்கும் இடையே 12 ஆண்டுகளுக்குப் போர் நிறுத்தம் ஏற்பட்டது. நாட்டை ஆண்ட ஆல்பர்ட் பிரபுவும் இசபெல்லா சீமாட்டியும் அவரை அரசவை ஓவியராக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இசபெல்லா பிராண்ட் என்ற பெண்ணை மணந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் உடைபட்ட பீடங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. தந்தை உறுப்பினராக இருந்த நகராட்சியின் காலத்தில் வெறுமையான பீடங்களை மகன் நிரப்பத் தொடங்கினார்.

இப்போது என் குருமட உணவறைப் படத்துக்கு வருகிறேன். 1611-இல் ஆண்ட்வெர்ப் துப்பாக்கி வீரர்களின் சங்கத்தார் பேராலயத்தில் தங்கள் பீடத்துக்கு ஓவியம் கேட்டு ரூபன்சிடம் ஒப்பந்தம் செய்தார்கள். நடுவில் ஒரு பெரிய பலகை, இருபுறமும் கதவு போல மூடித் திறக்கும் இரண்டு பலகைகள். அந்தச் சங்கத்தின் பாதுகாவலர் புனித கிறிஸ்தோபர். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர் என்று மரபு சொல்லும் புனிதர். கிறிஸ்தோபர் என்ற கிரேக்கப் பெயருக்குக் கிறிஸ்துவைச் சுமப்பவர் என்று பொருள். பீடத்தின் நடுவில் ஆண்டவரின் வாழ்வே இடம்பெற வேண்டும் என்று ரூபன்ஸ் நினைத்தார். அதனால் அந்தப் பெயரின் பொருளையே எடுத்துக்கொண்டு, கிறிஸ்துவைச் சுமந்த மனிதர்களை ஒவ்வொரு பலகையிலும் வரைந்தார்.

இடப்புறப் பலகையில் மரியா எலிசபெத்தைச் சந்திக்க மலைநாட்டுக்கு வருகிறார். அவர் கிறிஸ்துவை வயிற்றில் சுமக்கிறார். வலப்புறப் பலகையில் கோவிலில் வயது முதிர்ந்த சிமியோன் குழந்தையைக் கைகளில் ஏந்தி நிற்கிறார். நடுப்பலகையில் சிலுவையிலிருந்து உயிரற்ற உடலை இறக்குகிறார்கள். கதவுகளை மூடினால் வெளிப்புறத்தில் கிறிஸ்தோபர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார். தங்கள் பாதுகாவலரைச் சங்கத்தார் இழக்கவில்லை. அதோடு, சுமப்பது என்றால் என்ன என்ற மறைக்கல்வியும் அவர்களுக்குக் கிடைத்தது.

நடுப்பலகையை மனக்கண்ணால் பாருங்கள். நான்கு மீட்டருக்கு மேல் உயரம். ஒரு நீண்ட வெள்ளைத் துணி மேலிருந்து கீழ்வரை சரிகிறது. அதன் மேல் ஆண்டவரின் உடல் வழுக்கி இறங்குகிறது. மேலே ஏணியில் நிற்கும் முதியவர் ஒருவருக்கு இரண்டு கைகள் போதவில்லை. துணியின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். கீழே சிவப்பு உடையில் யோவான், ஒரு காலை ஏணிப்படியில் ஊன்றி, முழுப் பாரத்தையும் தன் மேல் வாங்குகிறார். முகம் வெளிறிய அன்னை மரியா கையை நீட்டுகிறார். மண்டியிட்டிருக்கும் மகதலா மரியாவின் தோளில் ஆண்டவரின் பாதம் மெல்லப் படிகிறது. அந்தப் பாதங்களின் அருகே கண்ணீர் சிந்தி மன்னிப்புப் பெற்ற பெண் என்றுதான் அக்காலத்து மக்கள் அவரை எண்ணினார்கள். கீழே ஓரத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் முள்முடியும் ஆணிகளும்.

அந்தப் படத்தில் வெறுமனே நின்று வேடிக்கை பார்ப்பவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் எங்காவது ஒரு கையைக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நேற்றுவரை பேசாமல் இருந்த பங்காளியும் வந்து பாடையில் ஒரு கை கொடுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் நினைவுக்கு வரும். பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் பகை நிற்க முடிவதில்லை. 1612-இல் நடுப்பலகையும், 1614-இல் பக்கப் பலகைகளும் பேராலயத்தில் ஏறின. பிரெஞ்சுப் படைகள் 1794-இல் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோயின. 1815-இல் திரும்பி வந்து, ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் இன்றும் இருக்கிறது.

நம்மோடு நேரடித் தொடர்புள்ள ஓர் ஓவியமும் உண்டு. 1617, 1618 ஆண்டுகளில் ஆண்ட்வெர்ப் இயேசு சபையினர் தங்கள் புதிய ஆலயத்துக்காக ரூபன்சிடம் இரண்டு பெரிய பீட ஓவியங்களை வரையச் சொன்னார்கள். ஒன்று இஞ்ஞாசியார். மற்றொன்று நம் புனித பிரான்சிஸ் சவேரியார். முத்துக்குளித்துறையின் மணலில் நடந்து, பரதவர் பிள்ளைகளுக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார்தான். அவர் நம் கடற்கரைக்கு வந்தது 1542-இல். 75 ஆண்டுகள் கழித்து, ஆசியாவையே பார்த்திராத ஓர் ஓவியர் அவரை ஆண்ட்வெர்ப்பில் வரைகிறார். படத்தில் சவேரியார் கறுப்பு அங்கியில் உயர்ந்து நிற்கிறார். கீழே பார்வையற்றவர் கைகளை நீட்டித் தடவி வருகிறார், நோயாளிகள் இருக்கிறார்கள், இறந்த ஒருவர் எழுகிறார். கீழ்த்திசை மக்களின் உடைகளை, அங்கிருந்து திரும்பிய குருக்களைப் பார்த்து ரூபன்ஸ் கற்றார். 1617 சனவரியில், சீனாவிலிருந்து வந்திருந்த இயேசு சபைக் குரு திரிகோவைச் சீன உடையிலேயே அவர் வரைந்த படம் இன்றும் உள்ளது. சவேரியார் ஓவியத்தில் உடைந்து விழும் சிலையும் உண்டு. பிற சமயங்களை அந்தக் காலம் பார்த்த பார்வை அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வாழும் நாம் அந்தப் பார்வையைத் தாண்டி வந்துவிட்டோம். தன் சொந்த நகரத்தில் சுரூபங்கள் உடைபட்ட வேதனையை அறிந்த மக்கள், அடுத்தவருடைய சிலை விழுவதைப் படத்தில் பார்த்து மகிழ்ந்தார்கள் என்பது நாம் யோசிக்க வேண்டிய ஒன்று.

அந்த ஓவியம் பீடத்தில் வைக்கப்பட்டபோது சவேரியாருக்கு இன்னும் புனிதர் பட்டம் வழங்கப்படவில்லை. 1622 மார்ச் 12-இல்தான் இஞ்ஞாசியாரும் அவரும் ஒன்றாகப் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். பிற்காலத்தில் இயேசு சபை தடைசெய்யப்பட்டபோது இந்த இரண்டு ஓவியங்களையும் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா வாங்கிக்கொண்டார். இப்போது அவை வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே ஆலயத்தின் கூரையில் ரூபன்சின் திட்டப்படி வரையப்பட்ட 39 ஓவியங்கள் 1718-இல் மின்னல் தாக்கி எழுந்த தீயில் எரிந்துபோயின.

ரூபன்ஸ் புனிதர் அல்லர். அப்படிச் சொல்ல நான் வரவில்லை. பெரும் பட்டறை நடத்தினார். உதவியாளர்கள் பலர் வரைய, முக்கியமான இடங்களில் இவர் தூரிகை வைத்து முடிப்பார். கூலி பேசுவதில் கறாரானவர். மாளிகை போன்ற வீடு கட்டினார். பழைய கிரேக்க, உரோமைக் கதைகளையும் வரைந்தார். அவற்றில் சிலவற்றை நம் ஆலயத்தில் மாட்ட முடியாது. ஆனால் விடியுமுன் எழுந்து திருப்பலி கண்ட பிறகே வேலையில் உட்காருவார் என்று அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. வரையும்போது பக்கத்தில் ஒருவர் நல்ல நூல்களை வாசித்துக்கொண்டிருப்பாராம்.

துயரமும் அவர் வீட்டைத் தேடி வந்தது. 1623-இல் மூத்த மகள் கிளாரா செரீனா 12 வயதில் இறந்தாள். 1626-இல் மனைவி இசபெல்லா இறந்தார். அந்தக் கோடையில் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், நல்ல துணையை இழந்துவிட்டேன், காலம்தான் இதை ஆற்ற வேண்டும் என்ற கருத்தில் மனம் திறக்கிறார்.

அதன் பிறகு அவர் கையில் வேறொரு பொறுப்பு வந்தது. போர் நிறுத்தம் 1621-இலேயே முடிந்து, நாடு மீண்டும் போரில் சிக்கியிருந்தது. இசபெல்லா சீமாட்டி ஓவியரைத் தூதராக அனுப்பினார். 1628-இல் மாட்ரிட், 1629-இல் இலண்டன். ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பும் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லசும் சமாதானம் ஆக வேண்டும் என்று பல மாதங்கள் பேசினார். 1630 நவம்பரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு அரசர்களும் அவருக்கு வீரப் பட்டம் அளித்தார்கள். இலண்டனில் இருந்தபோது சார்லஸ் அரசருக்கு ஓர் ஓவியம் பரிசளித்தார். அதில் அமைதி என்பவள் ஒரு தாய், குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கிறாள். போர்த் தெய்வத்தை அவள் பக்கம் வரவிடாமல் இன்னொருத்தி தள்ளிக்கொண்டிருக்கிறாள். அமைதியை வரைய வேண்டும் என்றதும் தாயின் உருவத்தைத்தான் அவர் வரைந்தார்.

ஆனால் ஐரோப்பாவின் போர் ஓயவில்லை. 1638-இல் போரின் விளைவுகளைப் பற்றி அவர் வரைந்த ஓவியத்தில், கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் இரு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கிக் கதறுகிறாள். அவள்தான் ஐரோப்பா என்று அவரே ஒரு மடலில் விளக்கம் எழுதினார். போர்த் தெய்வத்தின் காலடியில் புத்தகம் மிதிபடுகிறது; குழந்தையை அணைத்த தாய் கீழே விழுந்து கிடக்கிறாள்.

கடைசி ஓவியங்களில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1630-இல் அவர் எலேன் ஃபோர்மென்ட் என்ற இளம்பெண்ணை மறுமணம் செய்திருந்தார். வயது ஏறிக்கொண்டிருந்தது. கீல்வாதம் கைவிரல்களை முடக்கிக்கொண்டிருந்தது. 1637-இல், கொலோன் நகரத்துக்கு ஒரு பீட ஓவியம் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். பதில் மடலில், பத்து வயதுவரை தான் வளர்ந்த அந்த நகரத்தின் மேல் தனக்குப் பெரும் பாசம் உண்டு என்று எழுதினார். எதை வரையலாம் என்பதைத் தன்னிடம் விட்டால், தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்ட திருத்தூதர் பேதுருவை வரைய விரும்புவதாகவும் சொன்னார். வரைந்தார். 1640 மே 30-இல் ரூபன்ஸ் 62 வயதில் இறந்தபோது அந்த ஓவியம் அவரது பட்டறையிலேயே இருந்தது. அதன்பின் கொலோன் சென்று, புனித பேதுரு ஆலயத்தில் வைக்கப்பட்டது.

எந்த ஆலயம் அது என்று நினைவிருக்கிறதா? அவருடைய தந்தை யான் அடக்கம் செய்யப்பட்ட அதே ஆலயம்தான்.

ஆண்டவரை மறுதலித்து, அழுது, மன்னிப்புப் பெற்று, தன் ஆண்டவரைப் போலச் சாகவும் தனக்குத் தகுதியில்லை என்று தலைகீழாகத் தொங்கிய பேதுரு. அவருடைய படத்துக்கடியில், தகுதியற்ற கணவன் என்று சிறையிலிருந்து கையெழுத்திட்ட ஒரு மனிதரின் கல்லறை. இரண்டையும் இணைத்தது மகனின் தூரிகை. கடவுளின் இரக்கம் எவ்வளவு நீண்ட நூலால் தைக்கிறது, பாருங்கள்!

அன்பார்ந்த நேயர்களே, பெருவிழா முடிந்து வீடு திரும்பும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் முன் இன்னும் தலைகுனிந்து நிற்கும் ஒருவர் வீட்டில் இருக்கலாம். அண்ணனாக, மருமகளாக, கணவனாக, மகனாக இருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்று எப்போதோ சொல்லியிருப்பீர்கள். இன்று அவர் தலையை நிமிரச் செய்யுங்கள். பழைய பேச்சை இனி எடுக்க வேண்டாம். ஒரு தாய் தன் அறையில் தனியாக உட்கார்ந்து எழுதிய கடிதத்திலிருந்து எவ்வளவு பிறந்தது என்று பார்த்தோமே. நீங்கள் சொல்லும் ஒரு சொல்லிலிருந்தும் எது பிறக்கும் என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மன்னிக்கப்பட்ட இரு திருத்தூதர்களும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக. ஆமென்.